சைலன்சர் வெல்டிங்குக்கு முன் எந்த எஸ்எஸ் என்று அறிய: துளிச் சோதனைப் பெட்டி பற்றிய ஒரு மதிப்பீடு

துருப்பிடிக்காத எஃகின், அதாவது எஸ்எஸ்-இன், கிரேடைச் சில விநாடிகளில் கண்டுபிடித்துவிடலாம் என்ற உறுதிமொழியோடு விற்கப்படும் துளிச் சோதனைப் பெட்டிகள் வெல்டிங் பட்டறைகளில் இப்போது சாதாரணமாகப் புழங்குகின்றன. பெயரும் உறையின் நிறமும் மாறினாலும் உள்ளே இருப்பவை ஏறக்குறைய ஒன்றேதான்: ஒரு சிறு காந்தம், மாங்கனீசுக்கு ஒரு குப்பி, மாலிப்டினத்துக்கு ஒரு குப்பி, 9 வோல்ட் பேட்டரி, நிறங்களை ஒப்பிட ஓர் அட்டை. உலோகத்தின் மேல் ஒரு துளி விட்டு, பேட்டரியால் மின்னோட்டம் செலுத்தி, துளியில் எழும் நிறத்தை அட்டையோடு ஒப்பிடுவதே சோதனை. இந்தப் பெட்டியை நான் ஒரே ஒரு வேலையை மனத்தில் வைத்து மதிப்பிடுகிறேன். காரின் எக்ஸாஸ்ட் பாகங்களை, அதாவது மேனிஃபோல்டில் தொடங்கி டெயில் பைப் வரை உள்ளவற்றை, பற்றவைப்பதற்கு முன் அவை எந்த எஃகு என்று அறிய இது எவ்வளவு தூரம் உதவுகிறது என்பதே கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்கலாம், ஆனால் உறையின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் காரணத்துக்காக அல்ல. தயாரிப்பாளர்கள் 304, 316 என்ற இரு கிரேடுகளைப் பிரித்துக் காட்டுவதையே முதன்மைப் பயனாகச் சொல்கிறார்கள். எக்ஸாஸ்ட் வேலையில் அந்தப் பிரிவினைக்குக் கடைசி இடம்தான். இந்த வேலையில் பெட்டியின் விலைக்கு நியாயம் செய்பவை காந்தமும் மாங்கனீசுத் துளியும்.

இதை விளங்கிக்கொள்ள, எக்ஸாஸ்ட் குழாயில் எந்தெந்த எஃகுகள் வருகின்றன என்று பார்க்க வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வரும் கார்களின் எக்ஸாஸ்டில் பெரும்பகுதி, காந்தம் ஒட்டும் ஃபெரிட்டிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதில் மிகப் பரவலானது 409. அதில் குரோமியம் சுமார் 10.5 முதல் 11.7 சதவீதம்தான், நிக்கல் இல்லை என்றே சொல்லலாம், கார்பனைக் கட்டிவைக்கச் சிறிது டைட்டானியம் சேர்த்திருப்பார்கள். அதற்கு மேல் தரத்தில் 439-உம் 441-உம் வருகின்றன. இரண்டிலும் குரோமியம் 18 சதவீதத்தை ஒட்டி இருக்கும், 441-இல் டைட்டானியத்தோடு நியோபியமும் சேரும். ஐரோப்பிய எண்முறையில் 1.4509 என்று பொறித்திருந்தால் அது இந்த 441-தான். மற்றொரு பக்கம் நிக்கல் சேர்ந்த, காந்தம் ஒட்டாத ஆஸ்டெனிட்டிக் குடும்பம்: 18 சதவீதக் குரோமியமும் 8 சதவீதத்துக்குக் குறையாத நிக்கலும் கொண்ட 304, அதே அடிப்படையில் டைட்டானியம் சேர்த்த 321, மாலிப்டினம் 2 முதல் 3 சதவீதம் கொண்ட 316, அதிக வெப்பத்துக்கான 309. வெளிச்சந்தையில் செய்து விற்கும் குழாய்களும், பந்தயக் கார்களுக்கான ஹெடர்களும் (குழாய்களால் செய்த மேனிஃபோல்டுகள்), நெளியும் பெல்லோஸ் பகுதிகளும் பெரும்பாலும் இந்தக் குடும்பத்திலிருந்துதான் வருகின்றன. இவற்றுக்கு நடுவே நிக்கலைக் குறைத்து மாங்கனீசை ஏற்றிய 200 வரிசை எஃகுகளும் 304 என்ற பெயரில் புகுந்துவிடுகின்றன. அலுமினியம் பூசிய சாதாரண இரும்புக் குழாயும் புதிதாக இருக்கும்போது இவை எல்லாவற்றோடும் கலந்து நிற்கும்.

பார்வைக்கு ஒன்றுபோல் தெரியும் இந்த உலோகங்கள் சூடேறும்போது ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை. ஒரு மீட்டர் நீளக் குழாய் 500 டிகிரி செல்சியஸ் சூடேறினால் 304 ஏறக்குறைய 9 மி.மீ. நீளும், 409 ஏறக்குறைய 6 மி.மீ.தான் நீளும். இரண்டையும் இணைத்துப் பற்றவைத்தால் ஒவ்வொரு முறை இன்ஜின் சூடாகிக் குளிரும்போதும் அந்த மூன்று மி.மீ. வேறுபாடு பற்றின் ஓரத்தில் போய் இழுக்கும். பற்றுப்பொருளை, அதாவது ஃபில்லரை, இந்த வேறுபாடு தெரியாமல் தேர்ந்தெடுத்தால் விரிசல் பற்றில் வராது, பற்றை ஒட்டிய சூடு பாதித்த பகுதியில் வரும். ஆகவே எக்ஸாஸ்ட் வெல்டருக்கு முதலில் தேவைப்படும் பதில் இந்த உலோகம் எந்தக் குடும்பம் என்பது. இரண்டாவது, ஆஸ்டெனிட்டிக் என்றால் அது உண்மையான 300 வரிசையா, மாங்கனீசு ஏற்றிய 200 வரிசையா என்பது. 316-ஆ என்ற கேள்வி இவற்றுக்குப் பிறகு வருவது.

முதல் கேள்விக்குக் காந்தம் பதில் சொல்கிறது. ஃபெரிட்டிக் எஃகைக் காந்தம் இரும்பைப் போலவே இறுக்கிப் பிடிக்கும்; ஆஸ்டெனிட்டிக் எஃகைப் பிடிக்காது. பெட்டியோடு வரும் காந்தம் பெரும்பாலும் வலுவான நியோடிமியம் வகை. இங்கே என் முதல் குறை எழுகிறது, ஏனென்றால் காந்தம் அளவுக்கு மீறி வலுவாக இருப்பது இந்த வேலைக்கு நன்மையல்ல. மாண்ட்ரல் வளைவு (உள்ளே தாங்கு கம்பியை வைத்து நசுங்காமல் வளைத்த வளைவு) கொண்ட ஒரு 304 குழாயை எடுத்து நேர்ப்பகுதியில் காந்தத்தை வைத்தால் அது வழுக்கி விழுந்துவிடும். அதையே மெல்ல வளைவின் வெளிப்புறத்துக்கு நகர்த்தினால், உலோகம் இழுபட்டு மெலிந்த இடத்தில் காந்தம் தயங்கி நிற்பதை விரல் உணரும். குளிர்நிலையில் வளைக்கும்போது காந்தம் ஒட்டாத ஆஸ்டெனைட் என்ற படிக அமைப்பின் ஒரு பகுதி காந்தம் ஒட்டும் மார்ட்டென்சைட்டாக மாறுவதால்தான் இப்படி நடக்கிறது. பற்றின் மேலும் இதே மெல்லிய இழுப்பு இருக்கும், ஏனென்றால் 304-க்கு வழக்கமான ஃபில்லரான 308எல் விரிசல் விடாமல் உறைவதற்காகவே அதில் காந்தம் ஒட்டும் ஃபெரைட்டைச் சிறிதளவு விட்டுவைத்திருக்கிறார்கள். வலுவான காந்தம் இந்த மெல்லிய இழுப்பையும் 409-இன் முழு இழுப்பையும் ஒரே மாதிரி காட்டும் என்பதால், புதியவர் வளைவில் மட்டும் வைத்துப் பார்த்து நல்ல 304 குழாயை 409 என்று ஒதுக்கிவிட வாய்ப்புண்டு. காந்தத்தை ஒரு நூலில் கட்டித் தொங்கவிட்டு, வெட்டாத, வளைக்காத, பற்றில்லாத நேர்ப்பகுதியில் அருகே கொண்டுபோவதே சரியான முறை. 409 அதைத் தூரத்திலிருந்தே இழுத்துக்கொள்ளும். 304 வளைவோ நூலைச் சற்றுச் சாய்க்க மட்டுமே செய்யும். இந்த ஒரு குறிப்பு கையேட்டில் இருந்திருக்க வேண்டும்; நான் பார்த்த கையேடுகளில் காந்தம் ஒட்டினால் 400 வரிசை, ஒட்டாவிட்டால் 300 வரிசை என்பதோடு முடித்துவிடுகிறார்கள்.

அந்த வாக்கியத்தின் இரண்டாம் பாதி இன்னும் கவலைக்குரியது. காந்தம் ஒட்டாதவை 300 வரிசை மட்டுமல்ல. 201-உம் 202-உம் ஒட்டாது. நிக்கல் செய்யும் வேலையின் ஒரு பகுதியை மாங்கனீசும் நைட்ரஜனும் ஏற்றுக்கொண்டு அந்த எஃகையும் ஆஸ்டெனைட்டாகவே வைத்திருக்கின்றன. 201-இல் மாங்கனீசு 5.5 முதல் 7.5 சதவீதம், நிக்கல் 3.5 முதல் 5.5 சதவீதம், 202-இல் மாங்கனீசு 7.5 முதல் 10 சதவீதம் வரை போகும். 304-இல் மாங்கனீசுக்கு உச்சவரம்பே 2 சதவீதம்தான். இந்த இடைவெளி பெரியது என்பதால் மாங்கனீசுத் துளி தன் வேலையைத் தெளிவாகச் செய்கிறது. 200 வரிசை எஃகில் நிறம் சட்டென்று எழுகிறது. 304-இல் துளி கிட்டத்தட்ட வைத்தபடியே இருக்கிறது. நிறம் எது என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும் என்பதால் ஒரு பெட்டியின் அட்டையை மற்றொரு பெட்டியின் குப்பியோடு சேர்த்துப் பயன்படுத்தக் கூடாது. இந்தப் பெட்டியில் நான் முழு மனத்தோடு பாராட்டுவது இந்தக் குப்பியைத்தான். கடையில் 304 என்று சொல்லிக் கொடுத்த பளபளப்பான குழாயை, வெட்டி வளைத்துப் பாதி வேலை முடிப்பதற்கு முன்பே, அது 304 அல்ல என்று ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லக்கூடிய எளிய வழி பட்டறையில் வேறு இல்லை.

200 வரிசை எக்ஸாஸ்டுக்கு ஏன் ஆகாது என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதைப் பற்றவைக்க முடியாது என்று பலர் தவறாக நினைக்கிறார்கள். 308எல் கொண்டு அது நன்றாகவே பற்றும்; சிக்கல் பிறகு வருகிறது. 201-இல் கார்பனுக்கு 0.15 சதவீதம் வரை இடமுண்டு, கார்பனைக் குறைத்த 304 வகையான 304எல்-இல் அது 0.03 சதவீதம். ஏறக்குறைய 425 முதல் 860 டிகிரி வரையிலான வெப்பத்தில் இந்தக் கார்பன் குரோமியத்தோடு சேர்ந்து மணி எல்லைகளில், அதாவது உலோகத்தின் நுண்படிகங்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களில், கார்பைடாகப் படிகிறது. அந்த எல்லையை ஒட்டிய உலோகம் குரோமியத்தை இழந்து அரிப்புக்குத் திறந்துகிடக்கிறது. எக்ஸாஸ்ட் குழாய்க்கு அந்த வெப்பம் பற்றவைக்கும்போது மட்டுமல்ல, வண்டி ஓடும் காலமெல்லாம் கிடைக்கிறது. அதன்மேல் குளிர்ந்த இன்ஜினிலிருந்து வரும் அமிலநீரும் சாலையிலிருந்து தெறிக்கும் உப்பும் சேர்ந்தால் பற்றை ஒட்டிய கோடுதான் முதலில் அரித்துப்போகும்.

மாலிப்டினத் துளிக்கு வருகிறேன். 316-இல் துளி கருமையான பழுப்பாகவோ சிவப்பாகவோ மாறும் என்றும், 304-இல் வெளிறிய சாயலோடு நின்றுவிடும் என்றும் அட்டை காட்டுகிறது. புதிய, சுத்தமான தகட்டில் இது நடக்கத்தான் செய்கிறது. ஆனால் இன்றைய 304 எஃகில் பெரும்பகுதி பழைய எஃகை உருக்கிச் செய்யப்படுவதால், சேர்க்காமலேயே அதில் கொஞ்சம் மாலிப்டினம் தங்கியிருக்கும். அந்தக் கொஞ்சமும் துளியில் மெதுவாக நிறம் காட்டும். கையேடு சொல்லும் நேரத்துக்கு மேல் காத்திருந்தால் சாதாரண 304-கூட 316-ஐப் போல் கருத்துத் தோன்றும். ஆகவே இந்தத் துளியில் நிறத்தைவிட அது எவ்வளவு விரைவாக எழுகிறது என்பதே முக்கியமான செய்தி. அறிந்த 304 துண்டையும் அறிந்த 316 துண்டையும் பக்கத்தில் வைத்து மூன்றிலும் ஒரே நேரத்தில் துளி வைக்காமல் இந்தச் சோதனையை நம்புவது சரியாகாது. எக்ஸாஸ்ட் வேலையில் 316 கிடைத்தால் தவறில்லை, குளிர்ந்த பின்பகுதியில் உப்புக்கு எதிராக அது சற்று மேலானதுதான். ஆனால் 304 என்று நினைத்து 308எல் ஃபில்லரால் பற்றவைத்துவிட்டாலும் குழாய் உடைந்து விழப்போவதில்லை. தவறினாலும் பெரிய கேடு இல்லாத ஒரு கேள்விக்கே இந்தப் பெட்டி தன் விளம்பரத்தில் பாதியைச் செலவிடுகிறது.

இந்தத் துளிக்குத் தயாரிப்பாளர்கள் சொல்லாத ஒரு நல்ல பயன் உண்டு. காந்தம் இறுக்கிப் பிடிக்கும் ஒரு பாகத்தில் மாலிப்டினத் துளி தெளிவாகக் கருத்தால், அது 409-ஆகவோ 439-ஆகவோ இருக்க முடியாது; 436 அல்லது 444 போன்ற மாலிப்டினம் சேர்த்த ஃபெரிட்டிக் எஃகு. உப்பு தூவும் சாலைகளில் ஓடும் கார்களுக்கான சைலன்சர்களில் இவை பயன்படுகின்றன. காந்தம் ஒட்டினால் துளிச் சோதனையே வேண்டாம் என்று கையேடு சொல்வதால் இந்தப் பயன் வீணாகிறது.

சோதிக்கும் முறையில் கவனம் குறைந்தால் எந்தக் குப்பியும் பொய் சொல்லும். பழைய எக்ஸாஸ்ட் பாகத்தின் மேற்பரப்பு அதன் உட்பகுதியைப் போன்றதல்ல. சூட்டில் உருவான ஆக்சைடுப் படலம், புகைக்கரி, சாலை அழுக்கு, சில சமயம் பூச்சு என்று பல அடுக்குகள் இருக்கும். கிரைண்டரால் அல்லது எமரித்தாளால் ஒரு நாணயத்தின் அகலத்துக்கு வெள்ளை உலோகம் தெரியும்வரை தேய்த்து, ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்த பிறகே துளி வைக்க வேண்டும். தேய்க்கும் சக்கரம் சாதாரண இரும்பைத் தொடாததாக இருக்க வேண்டும், இல்லையென்றால் இரும்புத் துகள் பதிந்து பின்னாளில் அதுவே துருவாக எழும். பேட்டரியின் நேர்முனை உலோகத்தையும் எதிர்முனை துளியையும் தொட வேண்டும். மின்னோட்டம் அந்தத் திசையில் போனால்தான் எஃகு கரைந்து துளிக்குள் வரும். அப்போது எதிர்முனையைச் சுற்றி நுண்குமிழ்கள் எழுவதும், துளியின் அடியில் உலோகம் மங்குவதும், அந்த மங்கிய வட்டத்திலிருந்து நிறம் மேலேறிப் பரவுவதும் கண்ணுக்குத் தெரியும். முனைகளை மாற்றி வைத்தாலும் குமிழ்கள் வரும். ஆனால் உலோகம் கரையாது, நிறம் எழாது, 202 குழாய்கூட 304 போல் தோன்றும். மாங்கனீசு சோதனை பொய்த்துவிட்டது என்ற புகார் எழும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். சில பெட்டிகளில் முனைகளை மாற்ற முடியாதபடி கம்பியும் கிளிப்பும் அமைத்திருக்கிறார்கள்; வாங்குவதென்றால் அந்த அமைப்பு உள்ளதையே வாங்குங்கள். வெறும் பேட்டரியைக் கையில் பிடித்துச் சாய்த்துத் தொடச் சொல்லும் வகை மலிவு என்றாலும், வளைந்த குழாயின் மேல் துளி வழிந்தோடாமல் அதைச் செய்வது எளிதல்ல.

சோதனை முடிந்ததும் அந்த இடத்தை நீரால் நன்றாகக் கழுவ வேண்டும். துளியில் இருப்பது அமிலம் கலந்த திரவம். அப்படியே விட்டால் புள்ளிப் புள்ளியாக அரிக்கும். பற்று விழப்போகும் விளிம்பில் ஒருபோதும் துளி வைக்கக் கூடாது. வெட்டி எறியப்போகும் முனை கிடைத்தால் அதுவே சிறந்த இடம். கையுறையும் கண்ணாடியும் வேண்டும் என்று குப்பியின் மேல் பொடி எழுத்தில் இருப்பதைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கலாம்.

இனி இந்தப் பெட்டியால் முடியாதவை. எக்ஸாஸ்ட் வேலைக்கு இதுவே இந்த மதிப்பீட்டின் முக்கியமான பகுதி. காந்தம் ஒட்டிய பாகம் 11 சதவீதக் குரோமியம் கொண்ட 409-ஆ, 18 சதவீதம் கொண்ட 441-ஆ என்று இது சொல்லாது. ஒட்டாத பாகம் 304-ஆ, டைட்டானியம் சேர்த்த 321-ஆ என்று சொல்லாது. 304-ஆ 304எல்-ஆ என்பதைச் சொல்லும் வாய்ப்பே இல்லை. 309-ஐயும் இது 304 என்றே காட்டும். மேனிஃபோல்டையும் டர்போவுக்குப் பின்னால் வரும் டவுன்பைப்பையும் செய்பவருக்கு இந்த வேறுபாடுகள்தான் உயிர்நாடி.

இதில் 409-441 குழப்பம் பற்றவைப்பைப் பொறுத்தவரை அவ்வளவு ஆபத்தானதல்ல என்பதைச் சொல்லிவிட வேண்டும். 18 சதவீதக் குரோமியமும் நியோபியமும் கொண்ட ஃபெரிட்டிக் கம்பி 409, 439, 441 மூன்றுக்கும் பொருந்தும். அது மூல உலோகத்தோடு ஒத்த அளவில் விரிவடைவதால் சூடாகிக் குளிரும் சுழற்சியைத் தாங்கும். ஆகவே காந்தம் ஒட்டுகிறது, மாலிப்டினம் இல்லை என்று தெரிந்தாலே ஃபில்லரைத் தேர்ந்தெடுத்துவிடலாம். சூட்டைக் குறைவாகக் கொடுத்து விரைவாக நகர வேண்டும், ஏனென்றால் ஃபெரிட்டிக் எஃகில் சூடு பாதித்த பகுதியின் மணிகள் பெருத்து உலோகம் நொறுங்கும் தன்மை அடையும். பற்றைக் காக்கும் வாயுவாக ஹைட்ரஜன் கலந்ததை இந்தக் குடும்பத்துக்கு எந்த நிலையிலும் பயன்படுத்தக் கூடாது. காந்தம் ஒட்டாமல், மாங்கனீசும் இல்லாமல், மாலிப்டினமும் இல்லாமல் இருந்தால் 308எல் போதும். குழாயின் உட்புறத்தை ஆர்கானால் நிரப்பாமல் டிக் (டங்ஸ்டன் முனை) வெல்டிங் செய்தால் பற்றின் உள்பக்க அடி, அதாவது வேர், கருத்துப் பொரிந்துவிடும் என்பது மட்டும் நினைவில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் 409, மறுபக்கம் சாதாரண இரும்பு என்றாலோ, ஒரு பக்கம் 304, மறுபக்கம் இரும்பு என்றாலோ 309எல் ஃபில்லர் ஏற்றது. 321 என்று உறுதியானால் நியோபியம் சேர்த்த 347 ஃபில்லர் கம்பிதான் முறை, ஏனென்றால் ஃபில்லரில் உள்ள டைட்டானியம் மின்வில்லின் வெப்பத்தில் பெருமளவு எரிந்துபோகும், நியோபியம் நிலைத்து நிற்கும். அந்த உறுதியைத்தான் இந்தப் பெட்டியால் தர முடிவதில்லை.

பெட்டியின் கையேடு 304-ஐ எப்போதும் உயர்ந்தது என்றும் காந்தம் ஒட்டுபவை எல்லாம் மட்டம் என்றும் எழுதியிருப்பதை நான் கடுமையாக மறுக்கிறேன். தொடர்ந்து சூட்டில் இருந்தால் 304 சுமார் 925 டிகிரி வரை தாங்கும். சூடாகிக் குளிர்ந்து மாறிமாறி வரும் பயன்பாட்டில் அந்த வரம்பு சுமார் 870-க்கு இறங்குகிறது. 409-க்கு நேர்மாறாகத் தொடர் சூட்டில் சுமார் 705, மாறிவரும் சூட்டில் சுமார் 815. ஆஸ்டெனிட்டிக் உலோகம் அதிகமாக விரிந்து சுருங்குவதால் மேலே உள்ள ஆக்சைடுப் படலம் உதிர்ந்து புதிய உலோகம் மறுபடி வெளிப்படுகிறது. ஃபெரிட்டிக் உலோகம் படலத்தோடு ஒத்து விரிவதால் படலம் நிற்கிறது. கார் எக்ஸாஸ்ட் என்பது மாறிவரும் சூட்டின் உச்சம். தொழிற்சாலைகள் ஃபெரிட்டிக்கைத் தேர்ந்தெடுப்பது நிக்கல் செலவை மிச்சம் பிடிக்க மட்டும் அல்ல. 409-இன் வெளிப்புறம் சில மாதங்களில் பழுப்பாகத் துருவேறுவது உண்மைதான்; அது பெரும்பாலும் மேற்பரப்பில் நின்றுவிடும் துரு. அதைக் கண்டு நல்ல கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உறையை வெட்டி எறிந்து, அதன் இடத்தில் பளபளக்கும் 201-ஐ வைப்பவர்களுக்கு இந்தக் கையேடு துணைபோகிறது.

பூச்சுள்ள பாகங்களில் பெட்டி தடுமாறுகிறது. அலுமினியம் பூசிய இரும்புக் குழாயையும் குரோம் முலாம் பூசிய டெயில் பைப் நுனியையும் காந்தம் பிடிக்கும் என்பதால் கையேட்டின்படி இரண்டும் 400 வரிசை ஆகிவிடும். ஒரு விளிம்பை அரத்தால் ஆழமாக அராவி, அந்த இடத்தில் செம்பு சல்பேட்டுக் கரைசலின் ஒரு துளியை விட்டால், சாதாரண இரும்பின் மேல் செம்பு சிவப்பாகப் படியும். துருப்பிடிக்காத எஃகின் மேல் படியாது. இவ்வளவு எளிய, பழைய, மலிவான மூன்றாவது குப்பியைச் சேர்த்துவிட்டு மாலிப்டினக் குப்பியைச் சிறிதாக்கியிருந்தால் எக்ஸாஸ்ட் பட்டறைகளுக்கு இந்தப் பெட்டி இரட்டிப்புப் பயன் தந்திருக்கும். துத்தநாகம் பூசிய பாகம் வந்தால் அதன் பூச்சை முழுவதும் நீக்காமல் எஸ்எஸ்-ஓடு சேர்த்துப் பற்றவைக்கவே கூடாது; புகை நஞ்சு என்பதோடு, உருகிய துத்தநாகம் எஃகின் மணி எல்லைகளுக்குள் ஊடுருவி விரிசலை உண்டாக்கும்.

கிரைண்டரில் எழும் தீப்பொறியைப் பார்த்துக் கண்டுபிடிப்பேன் என்பவர்களின் அனுபவத்தை நான் மதிக்கிறேன். சாதாரண இரும்பின் கிளைவிடும் வெண்பொறியையும் 304-இன் குட்டையான செம்மஞ்சள் பொறியையும் கண் பழகியவர் பிரித்துவிடுவார். 304-ஐயும் 321-ஐயும் பொறியால் பிரிக்க முடியாது, அத்தோடு அது முடிந்தது.

துளிகளால் முடியாத கேள்விகளுக்கு எக்ஸ்ஆர்எஃப் (எக்ஸ் கதிர் ஒளிர்வு) கருவி வைத்திருக்கும் சோதனைக்கூடமோ உலோகக் கழிவு வணிகரோ தரும் சேவையைத்தான் நாட வேண்டும். துப்பாக்கி வடிவிலான அந்தக் கருவி எக்ஸ் கதிரைச் செலுத்தி, திரும்பி வரும் ஒளிர்வைக் கொண்டு குரோமியம், நிக்கல், மாங்கனீசு, மாலிப்டினம், டைட்டானியம், நியோபியம் ஆகியவற்றைச் சதவீதமாகவே சொல்லிவிடும். 409-441 ஐயமும் 304-321 ஐயமும் சில விநாடிகளில் தீரும். ஆனால் கார்பன் மிக இலேசான தனிமம் என்பதால் அதை இந்தக் கருவியால் அளக்க முடியாது. 304-ஐயும் 304எல்-ஐயும் பிரிக்க லேசர் பொறியால் அளக்கும் லிப்ஸ் வகைக் கருவியோ, மின்பொறியின் ஒளியைப் பிரித்து அளக்கும் ஒளிமாலைக் கருவியோ வேண்டும். எக்ஸ்ஆர்எஃப் பார்ப்பது மேற்பரப்பின் மிக மெல்லிய அடுக்கை மட்டுமே. பழைய பாகத்தைத் தேய்க்காமல் கொண்டுபோனால் குரோமியம் செறிந்த ஆக்சைடுப் படலத்தையே அது அளந்து, 409-ஐ அதைவிட உயர்ந்த கிரேடாகக் காட்டக்கூடும். குரோம் முலாம் இருந்தால் முலாமைத்தான் படிக்கும். சோதனைக்கூடம் தேய்த்துக்கொள்ளும் என்று எண்ணாமல், வெள்ளை உலோகம் தெரியும்படி பட்டறையிலேயே தேய்த்துக் கொண்டுபோவது நல்லது.

புதிய குழாயை மொத்தமாக வாங்குபவர்களுக்கு இந்தச் சோதனைகளுக்கெல்லாம் முன்னால் ஓர் எளிய வழி உண்டு: குழாயின் மேல் அச்சிட்டிருக்கும் உருக்கு எண்ணும் (எந்த முறை உருக்கியதில் வந்தது என்ற எண்), ஐரோப்பிய இஎன் 10204 நெறியின் 3.1 வகை ஆலைச் சான்றிதழில் இருக்கும் உருக்கு எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது. அந்தச் சான்றிதழில் கார்பன் உட்பட எல்லா அளவும் இருக்கும். சான்றிதழ் தர மறுக்கும் விற்பனையாளரின் சரக்குக்கு மாங்கனீசுத் துளி கட்டாயம்.

ஆகவே வண்டியிலிருந்து கழற்றிய சைலன்சர்களையும் சான்றிதழ் இல்லாத குழாய்களையும் அன்றாடம் கையாளும் பட்டறைக்கு இந்தப் பெட்டியை வாங்கப் பரிந்துரைக்கிறேன். வாங்கும்போது குப்பிகளின் காலாவதித் தேதியைப் பாருங்கள், ஏனென்றால் பழைய திரவம் நிறம் காட்டத் தாமதித்து 200 வரிசையைத் தப்பவிடும். பெட்டியோடு சான்றிதழ் உள்ள 201, 304, 316, 409 துண்டுகளை எண் பொறித்துத் தனியாகச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சோதனையையும் அவற்றோடு ஒப்பிட்டே செய்யுங்கள். மேனிஃபோல்ட், டர்போ இணைப்பு, பெல்லோஸ் போன்ற சூடான முன்பகுதி வேலைக்கு மட்டும் எடுப்பவர்கள் பெட்டியை விட்டுவிட்டு அந்தப் பணத்தை எக்ஸ்ஆர்எஃப் சேவைக்குச் செலவிடலாம். அங்கே 'இது 304' என்ற ஒற்றை வரிப் பதிலை ஏற்காமல், டைட்டானியமும் நியோபியமும் உட்பட ஒவ்வொரு தனிமத்தின் சதவீதத்தையும் அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். கருவி தன் பட்டியலில் அருகிலுள்ள பெயரைத்தான் திரையில் காட்டும். ஃபில்லரைத் தேர்ந்தெடுப்பதற்கு அந்த எண்கள்தான் வேண்டும்.